நூத்துக்கு எவ்ளோ போவும்

ரேணுகாம்பாள் ஐந்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். சதவீதம் என்ற பாடம் அவள் விட்ட இடத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ இருந்தது. ஆனால் கோவளத்துக் கடற்கரையிலிருந்து கோவிலம்பாக்கம் வரைக்கும் அவளை மாதிரி சதவீதம் போடுகிற இன்னொரு ஆளைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அவள் அதைச் சதவீதம் என்று சொல்லமாட்டாள், நூத்துக்கு என்பாள்.

"வஞ்சரம் பெருசா வாங்கினா நூத்துக்குப் பதினஞ்சுதான் போவும். சங்கரா முப்பத்தஞ்சு. நெத்திலி முப்பது. நண்டைப் பத்திக் கேக்காதீங்க, அதுல பாதி ஓடு, மீதி பாதி ஆசை." மீனைச் சுத்தம் செய்தபின் எடையில் எவ்வளவு குறையும் என்பதுதான் இந்தக் கணக்கு. செதில், செவுள், குடல், தலை, ஓடு என்று ஒவ்வொன்றுக்கும் அவள் மண்டைக்குள் ஒரு எண் இருந்தது. கேட்ட மாத்திரத்தில் வரும்.

இந்த ஞானம் சும்மா வந்ததில்லை. கல்யாணமான புதிதில், திருவான்மியூரில் ஓட்டல் வைத்திருந்த ஒருவருக்குப் பத்து கிலோ உரித்த இறால் தருவதாக ஒத்துக்கொண்டாள். ஏலத்தில் பத்து கிலோ இறால் எடுத்தாள். உட்கார்ந்து உரித்தாள். உரித்து முடித்து நிமிர்ந்தபோது அவள் முன்னால் ஐந்து கிலோ இறாலும் ஒரு பக்கெட் நிறைய ஓடும் இருந்தன. ஓட்டல்காரர் சிரிக்கவில்லை. மாமியார் வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றைக்குப் பிடித்தது பித்து. ஒரு மாதம் முழுக்கத் தராசும் கையுமாக அலைந்தாள். மீனை எடை போடுவாள், சுத்தம் செய்வாள், மறுபடி எடை போடுவாள், கழிவையும் எடை போடுவாள். புருஷன் கோதண்டம் ஃபைபர் படகில் கடலுக்குப் போய்விட்டு அலுத்துப்போய் வருகிறவன். "நாத்தம் ஒண்ணுதான் பாக்கி, அத்தையும் தராசுல வெச்சுப் பாரு" என்று கிண்டல் செய்தான். அவள் காதில் வாங்கவில்லை. மாதம் முடிந்தபோது கடலில் உள்ள பாதி உயிர்களுக்கு நூத்துக்கு எவ்வளவு போகும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

கைக்கு வந்த வித்தையைக் கண்டதற்கெல்லாம் பயன்படுத்துவதுதானே மனுஷ சுபாவம்? ரேணுகாம்பாள் உலகத்தையே நூத்துக்கு இவ்வளவு என்று அளக்க ஆரம்பித்தாள். கோதண்டம் சொல்லும் கடல் கதைகளில் நூத்துக்கு அறுபது புளுகு. மகள் வயிற்றுப் பேரன் தட்டில் வைக்கும் சோற்றில் நூத்துக்கு இருபது கீழே. ஒரு பொங்கலுக்கு முன்னால் தாம்பரத்தில் ஒரு துணிக்கடை வாசலில் 'ஐம்பது சதவீதம், அதற்கு மேல் இருபது சதவீதம் தள்ளுபடி' என்று எழுதியிருந்ததைப் பார்த்துக் கோதண்டம் சொக்கிப்போய் நின்றான்.

"எழுபது கொறையுதுடி. நூறு ரூபா சட்ட முப்பது ரூபாய்க்கு வருது."

"யோவ், பாதி போனா மீதி இன்னா?"

"அம்பது."

"அந்த அம்பதுலதான் இருபது கொறைப்பான். அம்பதுல இருபதுன்னா பத்து. நாப்பது ரூபா எடுத்து வையி. நூத்துக்குன்னு எவனாவது சொன்னா மொதல்ல எந்த நூத்துக்குன்னு கேளு."

கோதண்டம் நாற்பது சதவீத விலைக்கு ஒரு சட்டை வாங்கிக்கொண்டு, அந்தப் பொங்கல் முழுக்க ஏமாந்தவன் மாதிரியே அதைப் போட்டுக்கொண்டு திரிந்தான்.

கடந்த பதினோரு வருஷமாக ரேணுகாம்பாளின் வியாபாரம் கோவிலம்பாக்கத்தில் ஷாரோன் பிளாட்ஸ் வாசலில். விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்து, நான்கு பெண்களாகச் சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி பிடித்து வருவார்கள். பெரும்பாக்கத்தில் ஒருத்தி இறங்குவாள், மேடவாக்கத்தில் இரண்டு பேர், கடைசியில் ரேணுகாம்பாள். ஷாரோன் பிளாட்ஸில் அறுபத்து நான்கு வீடுகள். பாதிக்கு மேல் கிறிஸ்தவக் குடும்பங்கள். டீச்சர்கள், பேங்க் ஊழியர்கள், ஆபீசுக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மீன் இல்லாமல் அங்கே மதியம் விடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒன்பது மணி ஆராதனைக்குக் கிளம்புகிறவர்கள் போகிற போக்கில் வாசலில் நின்று மீனைத் தேர்ந்தெடுத்து, எடை போடச் சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் பாடி, ஜெபித்து, பிரசங்கம் கேட்டுத் திரும்புவதற்குள் ரேணுகாம்பாள் எல்லாருடைய மீனையும் சுத்தம் செய்து, தனித்தனிப் பையில் கட்டி, வீட்டு நம்பர் எழுதி வைத்திருப்பாள். யாரும் கிட்டே நின்று பார்ப்பதில்லை. பையைத் திறந்தும் பார்ப்பதில்லை. நேராக மசாலாவுக்குள் போகும்.

இந்த ஏற்பாட்டுக்குள்தான் காலேப் வந்து சேர்ந்தான்.

காலேப்புக்கு வயது முப்பத்து நாலு. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் டேட்டாவோடு மல்லுக்கட்டுகிற வேலை. முடிச்சூரில் மழைக்கு மழை தண்ணீரோடு போராடிக் களைத்து, ஆறு மாதத்துக்கு முன்னால் மனைவி ஜெரூஷாவோடு மூன்றாவது மாடிக்குக் குடிவந்தான். கெட்டவன் என்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் எண்கள் மேல் அவனுக்குக் கண்மூடித்தனமான பக்தி. போன் பேட்டரி நாற்பதுக்குக் கீழே போனால் முகம் வாடிவிடும். ஜிம்மில் யாரோ சொன்ன பேச்சைக் கேட்டு, சாப்பிடுகிற ஒவ்வொரு வாயையும் கிராம் கணக்கில் பார்க்க சமையலறையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு வாங்கி வைத்திருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் எல்லோரையும் போல இரண்டு கிலோ இறாலுக்குப் பணம் கொடுத்துவிட்டு சர்ச்சுக்குப் போனான். வந்து பையை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், எல்லோரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். இறாலைத் தராசில் வைத்தான். ஆயிரத்து முப்பது கிராம் என்று காட்டியது.

அன்று மதியம் ஷாரோன் பிளாட்ஸின் வாட்ஸ்அப் குழுவில் இப்படி ஒரு செய்தி வந்தது: 'நண்பர்களே, இன்று 2 கிலோ இறாலுக்குப் பணம் கொடுத்தேன். வீட்டில் எடை போட்டால் 1.03 கிலோ. 48.5 சதவீதம் காணவில்லை. இணையத்தில் தேடிப் பார்த்தேன். கழிவு 35 சதவீதம்தான். மீதி 13.5 சதவீதம் எங்கே? நம் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு நம்மையே ஏமாற்றுகிறார்கள்.'

புள்ளி போட்ட எண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு. 'கொஞ்சம் குறையுது' என்று எழுதியிருந்தால் எவனும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டான். பதிமூன்று புள்ளி ஐந்து என்றதும் அறுபத்து நான்கு வீடுகளுக்கும் ரத்தம் சூடேறியது. 'நானும் சந்தேகப்பட்டேன்' என்றார் ஒருவர். பதினோரு வருஷமாகச் சந்தேகப்படாமல் தின்றவர் அவர். வீட்டுக்கே வந்து மீன் தருகிற ஒரு ஆப்பின் பெயரைப் போட்டு, 'முதல் ஆர்டருக்கு 20 சதவீதம் தள்ளுபடி' என்றார் இன்னொருவர். எந்த விலையில் இருபது என்று கேட்க ரேணுகாம்பாள் அந்தக் குழுவில் இல்லை. அந்த ஆப் உரித்த இறாலை எடை போட்டு விற்கிறது, அவள் முழு இறாலை எடை போட்டு விற்கிறாள், இரண்டு கிலோவும் ஒரே கிலோ இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. மாலைக்குள் நாற்பது செய்திகள்.

அந்தக் குடியிருப்பின் செயலாளர் தோத்தாத்ரி. ரிட்டையர் ஆனவர். சுத்த சைவம். மீன் பையோடு யாராவது லிப்டில் ஏறினால் படியேறிப் போகிறவர். விதி இப்படிப்பட்ட ஆளைத் தேடிப் பிடித்துத்தான் இறால் வழக்கை ஒப்படைக்கும். புதன்கிழமை ரேணுகாம்பாள் கூடையை இறக்கியபோது, அவர் பத்தடி தள்ளி நின்று பேசினார்.

"ஏம்மா, உன் மேல கம்ப்ளெயின்ட் வந்திருக்கு. ஞாயித்துக்கிழமை மீட்டிங் வெச்சிருக்கோம். அதுவரைக்கும் வாசல்ல உக்கார வேணாம்."

"இன்னா கம்ப்ளெயின்ட் சார்?"

"எடையில ஏமாத்தறியாம்."

"யாரு சொன்னது? எப்படிச் சொன்னாங்க? படிங்க சார்."

தோத்தாத்ரி நியாயஸ்தர். போனை எடுத்து ஒரு வார்த்தை விடாமல் படித்தார். ரேணுகாம்பாளுக்கு எண்களைக் கேட்டபோது ஒன்றும் ஆகவில்லை. கடைசி வரியைக் கேட்டதும் இறக்கிய கூடையைத் திரும்ப மூடினாள்.

"இது அறுபத்து நாலு வூட்டுக்கும் போச்சா சார்?"

"போச்சு."

அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அன்று மீனை மேடவாக்கம் கூட்டாளிகளிடம் தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, கோதண்டத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அந்த பிளாட்டு இல்லன்னா வேற பிளாட்டு. ஊர்ல பிளாட்டுக்கா பஞ்சம்? பெரும்பாக்கத்துல போய் உக்காரு."

"போனா, திருட்டு வெளிய வந்துச்சு, ஓடிட்டான்னு சொல்லுவாங்க. அப்புறம் அது நெசமாயிடும்."

"இருக்கட்டுமே. அவங்க இன்னா உனக்கு மாமனா மச்சானா?"

"பதினோரு வருசம் என் கையால துன்னவங்க. என் பேரு அவங்க வூட்லதான் கீது. அத்த வுட்டுட்டு நான் எங்க போறது?"

ஞாயிற்றுக்கிழமை ஏலத்தில் கோதண்டமே நின்று நல்ல இறாலாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தான்.

ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு கார் நிறுத்தும் இடத்தில் மீட்டிங் கூடியது. இருபத்து மூன்று பேர் வந்திருந்தார்கள். தோத்தாத்ரி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்குக்குக் கைக்குட்டையும் தயாராக வைத்திருந்தார். ரேணுகாம்பாள் ஐஸ் பெட்டி, அருவாமனை, இரண்டு குண்டான் சகிதம் வந்து தரையில் உட்கார்ந்தாள். எதிரில் காலேப், மடியில் அவனுடைய தராசு. ஜெரூஷா அவன் பக்கத்தில் நிற்காமல் தூண் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

முதலில் வாயைத் திறந்தது இரண்டாவது மாடி சாராள் டீச்சர். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் போனைத் தொடுவதில்லை என்று விரதம் வைத்திருக்கிறவர். அதனால் அந்த நாற்பது செய்திகளையும் திங்கட்கிழமைதான் பார்த்தார். பார்த்ததிலிருந்து இந்த நேரத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"காலேப், அந்த முப்பத்தஞ்சு சதவீதம் எந்த இறாலுக்கு?"

"இறாலுக்குதான் மேடம்."

"எடுத்துப் படிங்க."

காலேப் போனை எடுத்துத் தேடினான். கொஞ்ச நேரம் படித்தான். பிறகு இன்னும் கொஞ்சம் மெதுவாகப் படித்தான். "பெரிய சைஸ்... தலை நீக்கியது" என்றான். அந்தக் கணக்கு தொடங்கும்போதே இறாலுக்குத் தலை இல்லை.

யாரோ சிரித்தார்கள். காலேப்பின் காது சிவந்தது. ஆனால் எண்களை நம்புகிறவன் பாதியில் எழுந்து போகமாட்டான். "சரி மேடம், என் தப்பு. இந்த இறாலுக்கு எவ்வளவுன்னு இப்பவே பாத்துடலாமே? எல்லார் முன்னாடியும்."

"பாரு சார். அதுக்குத்தான் வந்துகீறேன்" என்றாள் ரேணுகாம்பாள். "பாதிக்குப் பாதி. நூத்துக்கு அம்பது போவும், அம்பது நிக்கும். ரெண்டு கிலோ போடு, ஒரு கிலோ உன் கைல தரேன்."

காலேப்பின் தராசில் இறாலை அள்ளி வைத்தாள். எண்கள் ஓடி இரண்டாயிரத்தில் நின்றன. அவள் கை வழக்கம் போலப் பெட்டிக்குள் திரும்பிப் போய் இன்னொரு கை இறாலை அள்ளிக்கொண்டு வந்தது.

"அக்கா, எக்ஸ்ட்ரா வேணாம். கரெக்டா ரெண்டு கிலோ. அப்பதான் கணக்கு சரியா வரும்."

கை அந்தரத்தில் நின்றது. அள்ளியதைத் திருப்பிப் போட்டு அதற்குப் பழக்கமில்லை. கொஞ்சம் தயங்கி, மறுபடி பெட்டிக்குள்ளேயே போட்டாள்.

உரிக்க ஆரம்பித்தாள். தலையைக் கிள்ளி, ஓட்டை நீக்கி, முதுகில் கீறி நரம்பை உருவி, சதை ஒரு குண்டானிலும் கழிவு இன்னொன்றிலுமாக விழுந்தன. பத்து நிமிஷத்தில் பேச்சு அடங்கிவிட்டது. அவள் கைவேகத்தைப் பார்ப்பதே ஒரு வேடிக்கையாகிவிட்டது. தோத்தாத்ரி கூட கைக்குட்டையை எடுக்க மறந்துவிட்டு எட்டிப் பார்த்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காலேப் சொன்னபடி சதையைச் சல்லடையில் கொட்டி நன்றாக வடியவிட்டார்கள்.

சதை தொள்ளாயிரத்து நாற்பது கிராம்.

"நாற்பத்தேழு சதவீதம்" என்றான் காலேப்.

ரேணுகாம்பாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபது கிராம் குறைந்தது. இத்தனை வருஷத்தில் அவள் கணக்கு இப்படிக் குறைந்ததில்லை. காலேப் கழிவையும் எடை போட்டான். எண்ணூற்று எண்பது. இரண்டையும் கூட்டினான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை, ஆனால் விடவும் இல்லை.

"ரெண்டும் சேர்ந்து ஆயிரத்து எண்ணூற்று இருபது. நூற்று எண்பது கிராம் வரலையே. ஒன்பது சதவீதம்."

முன்வரிசையில் இருந்த ஒரு அம்மாளின் பார்வை ரேணுகாம்பாளின் மடிக்குப் போயிற்று. உடனே விலகிவிட்டது, ஆனாலும் ரேணுகாம்பாள் பார்த்துவிட்டாள். எழுந்து நின்று, இருபத்து மூன்று பேருக்கு முன்னால் புடவை மடியைப் பிரித்து உதறினாள். இரண்டு ஓட்டுத் துணுக்குகள் கீழே விழுந்தன. வேறொன்றும் இல்லை.

சாராள் டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

ரேணுகாம்பாள் அந்தத் துணுக்குகளைப் பொறுக்கக் குனிந்தபோதுதான் தரையைப் பார்த்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஒரு நீர்க்கோடு கிளம்பி, தோத்தாத்ரியின் நாற்காலிக் காலைச் சுற்றிக்கொண்டு, வடிகால் வரைக்கும் போயிருந்தது. சல்லடைக்கு அடியிலும் குளமாக நின்றது. விஷயம் புரிந்துவிட்டது. சொல்வதா வேண்டாமா என்றும் ஒரு நொடி தோன்றத்தான் செய்தது.

"சார், தண்ணி" என்றாள். "ஐஸ்ல கெடந்த எறா தண்ணி குடிக்கும். அத்த அப்படியே தராசுல வெச்சேன். ரெண்டு கிலோல இந்தத் தண்ணியும் சேந்துதான் கெடந்துச்சு. நூத்துக்கு ஒம்பது நான் தண்ணியத்தான் வித்துகீறேன். அது நெசம்."

கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. "பாத்தீங்களா" என்றது ஒரு குரல். பேர் போய்விடும் என்று பயந்து வந்தவள், தன் வாயாலேயே அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்றுதான் எல்லோருக்கும் பட்டது. கோதண்டம் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பான்.

"அப்போ போன வாரம் எனக்கு ஆயிரத்து முப்பது எப்படி வந்துச்சு?" என்றான் காலேப் திடீரென்று. இந்தக் கேள்வி அவனுக்குத்தான் வரும். எண் உதைத்தால் அவனுக்குத் தூக்கம் வராது. "இன்னைக்கு நாற்பத்தேழு. அன்னைக்கு ஐம்பத்தொண்ணரை. அதே இறால், அதே ஐஸ். அன்னைக்கு எப்படி அதிகமா வந்துச்சு?"

ரேணுகாம்பாள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு நீ சர்ச்சுக்குப் பூட்ட. என் கையப் புடிச்சு நிறுத்த ஆளில்ல. எடை போட்டதுக்கு மேல ஒரு கை அள்ளிப் போடுவேன் சார். எல்லாருக்குமே போடறதுதான். கொசுறு. எங்க ஊர்ல எறா விக்கிற எவளும் அது இல்லாம குடுக்கமாட்டா. தண்ணிய எடை போட்டுட்டமே, அதுக்குத்தான் அது. அத்த இன்னைக்கு நீதான் வேணாம்னுட்ட."

பதினோரு வருஷமாக இவர்கள் கண்ணில் பட்டும் படாமலும் விழுந்துகொண்டிருந்த அந்த ஒரு கை இறாலைச் சிலர் தாராளம் என்று நினைத்திருந்தார்கள், சிலர் வியாபாரத் தந்திரம் என்று. அது கணக்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அந்தக் கையை எடை போடுங்க, காலேப்" என்றார் சாராள் டீச்சர்.

தராசைத் துடைத்து வைத்தார்கள். "தினமும் போடற மாதிரி போடுங்கக்கா" என்றான் காலேப். அவள் பெட்டிக்குள் கையை விட்டு அள்ளி, யோசிக்காமல் தராசில் போட்டாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். தோத்தாத்ரி நாற்காலியை விட்டே எழுந்து வந்துவிட்டார்.

நூற்று எழுபத்தைந்து கிராம்.

"போன தண்ணி நூற்று எண்பது" என்று முணுமுணுத்தான் காலேப். போனில் கணக்குப் போட்டான். இரண்டாம் முறையும் போட்டான். பிறகு தராசை ஓரமாக நகர்த்திவிட்டு, தரையில் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "ஸாரிக்கா. நான் கேக்காம எழுதிட்டேன். ரொம்பத் தப்பு."

"என்கிட்ட சொல்லாத சார். எங்க எழுதினியோ அங்க எழுது. எழுதி எனக்குப் படிச்சுக் காட்டு."

காலேப் தலையை ஆட்டிவிட்டு எழுதினான். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தான்.

"நண்பர்களே, இன்று நடந்த பரிசோதனையில் ரேணுகா அக்காவின் கணக்கு 97 சதவீதம் சரி என்று நிரூபணமாகியது..."

"நிறுத்து. மீதி மூணு எங்க?"

"அது ஒண்ணுமில்லக்கா. நூற்று எண்பதுக்கு நூற்று எழுபத்தஞ்சு. அஞ்சு கிராம்தான் வித்தியாசம்."

"ஒண்ணுமில்லன்னா ஏன் எழுதற? அறுபத்து நாலு வூடு படிக்கும். மீதி மூணுக்கு நான் ஏமாத்துக்காரின்னுதானே ஆவும்?"

காலேப் விழித்தான். தொண்ணூற்றேழு சதவீதம் என்பது அவன் ஆபீசில் கைதட்டு வாங்குகிற எண். ரேணுகாம்பாள் பெட்டியில் துழாவி ஒரே ஒரு இறாலை வாலைப் பிடித்து எடுத்து, தராசில் இருந்த குவியலின் மேல் வைத்தாள். நூற்று எண்பத்து மூன்று காட்டியது.

"இப்ப எழுது."

"இப்போ நூற்றியொண்ணு புள்ளி..."

"நம்பரே வேணாம் சார். நம்பர் எழுதித்தான் இவ்ளோ தூரம் வந்துச்சு. நான் ஏமாத்துனனா இல்லையா, அத்த மட்டும் எழுது."

காலேப் எழுதியதை அழித்தான். இந்த முறை அதிக நேரம் ஆகவில்லை. "ரேணுகா அக்கா நம்மை ஏமாற்றவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு நாளும் ஏமாற்றவில்லை. தப்பு என்னுடையது" என்று படித்தான். "அனுப்பட்டுமா?"

"அனுப்பு."

அங்கே நின்றிருந்த இருபத்துச் சொச்சம் பேரின் பைகளுக்குள்ளும் கைகளுக்குள்ளும் போன்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. தோத்தாத்ரி தன் போனைப் பார்த்துவிட்டு, "தீர்மானம் ஒண்ணும் வேணாம், மீட்டிங் முடிஞ்சுது" என்று நோட்டை மூடினார். மீன் பையோடு வருகிறவர்களுக்காகப் படியேறுகிற மனுஷன், அவளைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

"இன்னொரு வாட்டி படி சார்" என்றாள் ரேணுகாம்பாள்.

காலேப் படித்தான். அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள். படித்து முடித்ததும் அழுதுவிட்டாள். புதன்கிழமையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை, சுலபத்தில் நிற்கவில்லை. கண்ணைத் துடைக்கலாம் என்றால் இரண்டு கையும் இறால். சாராள் டீச்சர் பக்கத்தில் வந்து ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, தன்னுடைய ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப் புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டார்.